நான்கு மூட்டை

அப்பாவுக்குக் குறிப்பேடு ஒன்றுதான்.
முன்பக்கமிருந்து பிரசங்கம்,
திருப்பிப் பிடித்தால் பண்ணைக் கணக்கு.
பாவமும் உருளைக்கிழங்கும்
இரண்டு முனையிலிருந்தும் நடந்து வந்து
நடுவில் எங்கோ
ஒரு தையல் நூல் இடைவெளியில் நின்றுவிட்டன.

ஜேபஸ் ட்ரெம்பத்.
கார்ன்வாலின் மேற்கு முனையில்
கல்லும் காற்றும் போக மிஞ்சிய பதினெட்டு ஏக்கர்,
அதுவும் குத்தகை.
மெதடிஸ்ட் சபை அவருக்குச் சம்பளம் தரவில்லை,
மூன்று மாதத்துக்கொரு அட்டவணை தந்தது.
இந்த ஞாயிறு சுரங்கத் தொழிலாளர்கள்,
அடுத்த ஞாயிறு மீன்துறை.
ஏழு மைல், ஒன்பது மைல், எல்லாம் நடை.
பூட்ஸுக்குள் வைக்கோல்.
ஒத்திகையெல்லாம் வயலில்தான்;
எங்கள் மாடுகளுக்கு ரோமர் நிருபம்
பாதி மனப்பாடம் என்பாள் அம்மா.

எனக்குப் பத்து வயதான வருஷம்
வாற்கோதுமை விளைந்தது.
மழை அழுக்காமல், எலி தொடாமல்
முப்பது மூட்டை, வெளிறிய பொன்.
பீர் ஆலைக்கு வாங்குகிற ரோஸ்வார்ன் வந்தார்.
ஒரு மணியைக் கடித்துப் பார்த்து
விலை சொன்னார்.
அந்த விலைக்குக் குத்தகைப் பாக்கி தீரும்.
திர்சாவின் நெஞ்சுச் சளிக்கு டாக்டர் வருவார்.

அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.
"ஞாயிற்றுக்கிழமை குடியைச் சபித்துவிட்டு
திங்கட்கிழமை அதற்குத் தாய்ப்பால் கொடுக்கவா?"
எல்லாம் பன்றிகளுக்கு என்றார்.

"பன்றிகளும் மதுவிலக்கில்
கையெழுத்துப் போட்டிருக்கின்றனவா?"
என்று கேட்டாள் அம்மா.
பிறகு பதினொரு நாள் பேசவில்லை.
உப்புக் கிண்ணத்தை மேசையில் வைக்கிற சத்தத்தில்
சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

நிலா இல்லாத ஒரு ராத்திரி
அண்ணன் டிகோரி
கழுதையின் குளம்புகளுக்குக் கோணி கட்டினான்.
வண்டி கிளம்பியது.
நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன்.
அம்மா என்னைப் பார்த்தாள்.
உதட்டில் விரல் வைக்கவில்லை.
வைத்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

புதன்கிழமை டாக்டர் வந்தார்.
"முட்டைக் காசு" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே.
நவம்பர் மாதம்.
எங்கள் கோழிகள் இறகுதிர்த்து
வெட்கப்பட்டு நின்றுகொண்டிருந்தன.
அப்பா திர்சாவின் கால்மாட்டில் உட்கார்ந்து
அவள் காலுறையை
உருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அந்த ஞாயிறு மதுவிலக்கு ஞாயிறு.
உறுதிமொழித் தாள்களை அடுக்கி
மேலே ஒரு கூழாங்கல் வைத்திருந்தார்கள்.
அப்பா யோசுவாவைத் திறந்தார்.
ராகாப்.
கூரைமேல் சணல் தட்டைக்குள் ஆட்களை ஒளித்துவிட்டு
எனக்குத் தெரியாது என்று சொன்னவள்.
குடியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.
பொருளாளர் இரண்டு முறை இருமினார்.
"அவள் வீட்டுக்குள் எத்தனை பேர் பிழைத்தார்கள்?
வேதம் எண்ணவில்லை.
எண்ணாமல் விட்டிருக்கிறது."
அம்மா கையில் பாட்டுப் புத்தகம் தலைகீழாக இருந்தது.

மறு வருஷம் டிகோரி
ஆஸ்திரேலியாவின் செம்புச் சுரங்கத்துக்குப் போனான்.
கப்பல் காசில் கொஞ்சம் குறைந்தது,
எங்கிருந்தோ வந்தது.
திர்சா பிழைத்தாள், மூன்று பிள்ளை பெற்றாள்,
பனிக்காலத்தில் இன்னும் இருமுகிறாள்.

அப்பாவைப் புதைத்த வாரம்
குறிப்பேட்டைத் திருப்பிப் பிடித்தேன்.
வாற்கோதுமை: முப்பது.
பன்றிகளுக்கு: இருபத்தாறு.
அடியில் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது.
கோட்டுக்குக் கீழே வெறும் தாள்.
கணக்கில் ஒரு பென்னிகூடத் தவறாதவர்.

அம்மாவிடம் காட்டினேன்.
ஜன்னலோரம் கொண்டுபோய்
விரல் வைத்து வைத்துப் படித்தாள்.
"நான் எடுத்தது மூன்று" என்றாள்.
பிறகு எழுந்து
கோழிகளை அடைக்கப் போய்விட்டாள்.